சம்பளம் இல்லாத படப்பிடிப்பில் சாப்பாடு

குறைந்த செலவில் படம் எடுக்க முனையும் குழுக்களின் பட்ஜெட் தாள்களில் கேமரா, லென்ஸ், விளக்கு, ஒலிப்பதிவுக் கருவி, வேன் வாடகை ஆகியவை தனித்தனி வரிகளில் விரிவாக எழுதப்பட்டிருக்க, சாப்பாடு மட்டும் பெரும்பாலும் 'இதர செலவுகள்' என்னும் கடைசி வரிக்குள் அடைபட்டுவிடுகிறது. நடிப்பவர், கேமரா இயக்குபவர், மைக் கம்பைத் தூக்கிப் பிடிப்பவர், விளக்கு நகர்த்துபவர் என ஒருவருக்கும் சம்பளம் இல்லாத படப்பிடிப்பில் இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது. பணமாக எதுவும் கைமாறாத இடத்தில், உழைப்பைப் பெறுபவர் உழைப்பைத் தருபவருக்கு அன்றைக்கன்றே திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒரே பொருள் சாப்பாடு என்பதால், அது பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதப்பட வேண்டும். அந்த வரிக்கு ஒதுக்கியதுபோக மிஞ்சும் பணத்தில்தான் லென்ஸ் வாடகைக்கு எடுக்கப்பட வேண்டும்.

தமிழ்நாட்டில் இத்தகைய படப்பிடிப்புகள் பெருகியதற்கு ஒரு காலச்சூழல் உண்டு. கையடக்க டிஜிட்டல் கேமராக்கள் மலிந்த காலத்தில், கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி குறும்படப் போட்டியை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. கார்த்திக் சுப்பராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் போன்றோர் அந்த மேடையிலிருந்து முழுநீளப் படங்களுக்கு வந்து சேர்ந்தனர். அதன் பிறகு கல்லூரி மாணவர்களும், வேலைக்குச் செல்லும் இளைஞர்களும், வாய்ப்புத் தேடிச் சென்னைக்கு வந்த உதவி இயக்குநர்களும் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு படம் எடுப்பது ஒரு வழக்கமாகவே நிலைபெற்றுவிட்டது. தொழில்முறைப் படப்பிடிப்பில் சம்பளத்துக்கு மேல் நாள்தோறும் கைச்செலவுக்குத் தரப்படும் தொகையான பேட்டா இங்கே கிடையாது. தேநீரும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுக்கும் புரொடக்‌ஷன் பாய் கிடையாது. செலவுகளைக் கையில் வைத்திருக்கும் புரொடக்‌ஷன் மேனேஜரும் கிடையாது. இந்த இருவரின் வேலையும் இயக்குநரின் தலையில் விழுகிறது. அவரோ அடுத்த ஷாட்டைப் பற்றிய கவலையில் இருப்பவர். பசி அவருக்கு மட்டும் தெரிவதில்லை.

இந்தக் குழுக்களை இயக்கும் பொருளாதாரம் ஏறக்குறைய மொய் எழுதுவதைப் போன்றது. இன்று ஒருவருடைய படத்துக்கு ஒளிப்பதிவு செய்பவர், தாம் இயக்கும் படத்துக்கு அவர் வந்து நிற்பார் என்ற நம்பிக்கையில் வருகிறார். நோட்டில் எழுதப்படாவிட்டாலும் இந்தக் கணக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். மொய் வாங்கும் வீட்டில் பந்தி சரியில்லாமல் போனால் ஊர் எவ்வளவு காலம் பேசுமோ, அவ்வளவு காலம் ஒரு படப்பிடிப்பின் சாப்பாடும் பேசப்படுகிறது. முதல் நாள் மதியம் 4 மணிக்கு ஆறிப்போன பொட்டலம் பெற்றவர் இரண்டாம் நாள் காலையில் 'உடம்பு சரியில்லை' என்று செய்தி அனுப்புவார். அவரைக் கேட்பதற்கு எந்த ஒப்பந்தமும் இல்லை. சம்பளம் வாங்குபவர் பசியோடும் வேலையை முடித்துக் கொடுக்கக்கூடும். சம்பளம் வாங்காதவரை அங்கே நிறுத்திவைப்பவை நட்பும் மரியாதையும் மட்டுமே, அவை இரண்டும் பசியில் விரைவாகக் கரைகின்றன.

(இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துவது நல்லது. சாப்பாடு போட்டுவிட்டதால் சம்பளக் கடன் தீர்ந்துவிட்டது என்று கொள்வதும் தவறு. படம் பிற்பாடு ஒரு ரூபாய் சம்பாதித்தாலும் அதில் உழைத்தவர்களுக்குப் பங்கு உண்டு. 1955-இல் வெளிவந்த 'லா புவாந்த் கூர்த்' படத்தை ஆக்னஸ் வார்தா ஒரு கூட்டுறவு முறையில் எடுத்தார். நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் உடனடிச் சம்பளம் இன்றிப் படத்தின் பங்குதாரர்களாகச் சேர்ந்தனர். எழுதி வைக்கப்பட்ட பங்கு வேறு, போடப்பட்ட சோறு வேறு; ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கக் கூடாது.)

படப்பிடிப்பில் யார் என்ன சாப்பிடுகிறார் என்பது எப்போதும் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்பதைக் காட்டும் அளவுகோலாகவே இருந்துவந்திருக்கிறது. பெரிய படங்களில் நாயகனுக்கு நட்சத்திர ஓட்டலிலிருந்து வருவதும், லைட்மேனுக்கு மெஸ்ஸிலிருந்து வருவதும் வெவ்வேறாக இருந்த சூழலில்தான், தாம் உண்ணும் உணவே யூனிட் முழுவதற்கும் பரிமாறப்பட வேண்டும் என்பதில் நடிகர் விஜயகாந்த் காட்டிய உறுதி தனித்துப் பேசப்பட்டது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தபோது, அவரோடு பணியாற்றியவர்கள் பலரும் அவருடைய சண்டைக் காட்சிகளைவிட அவர் போட்ட சாப்பாட்டையே அதிகம் நினைவுகூர்ந்தனர். பணம் இருக்கும் இடத்திலேயே சமமான இலைக்கு இவ்வளவு மதிப்பு என்றால், வேறெதுவும் தரப்படாத இடத்தில் அது எவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. கதாநாயகிக்கு மட்டும் வெளியிலிருந்து பிரியாணியும் மற்றவர்களுக்குத் தக்காளி சாதமும் என்று பிரிக்கும் அந்த ஒரு மதியத்தில், 'நாம் எல்லோரும் சேர்ந்து எடுக்கும் படம்' என்ற பேச்சு பொருளற்றதாகிவிடுகிறது.

உணவின் தரத்துக்கு முன்பாக வருவது நேரம். அமெரிக்கத் திரை நடிகர்களின் சங்கமான சாக்-ஆஃப்ட்ராவின் விதிகளின்படி, நடிகர் வேலைக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் சாப்பாட்டு இடைவேளை விடப்பட வேண்டும். தவறினால் தயாரிப்பாளர் தாமதத்துக்கு ஏற்பத் தண்டத்தொகை செலுத்த வேண்டும். சங்கமோ தண்டமோ இல்லாத நண்பர்கள் குழுவும் இந்த 6 மணி நேரக் கணக்கைத் தானாகவே ஏற்றுக்கொள்வது நல்லது. காலை 6 மணிக்கு லொக்கேஷனில் கூடியவர்களுக்கு 12 மணிக்கு இலை போடப்பட வேண்டும் என்பது இதன் பொருள். இதில் படைப்புக்கும் இழப்பு இல்லை. தமிழ்நாட்டின் உச்சிவெயில் தலைக்கு நேர் மேலிருந்து விழுவதால், கண்குழிகளிலும் மூக்கின் அடியிலும் கருநிழல் விழுந்து முகம் கெட்டுப்போகிறது. ஒளியைப் பரப்பித் தரும் பெரிய திரைத்துணிகளும் அவற்றைத் தாங்கும் கம்பங்களும் இல்லாத குழுவால் 12 முதல் 2 மணி வரை வெளிப்புறத்தில் நல்ல ஷாட் எடுப்பது கடினம். ஒளிப்பதிவாளர் எப்படியும் வெறுக்கும் அந்த நேரத்தையே சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் கொடுத்துவிட்டால், காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும் வயிறு நிறைந்தவர்களின் கையில் கிடைக்கும். 'இந்த ஒரு ஷாட் மட்டும் முடித்துவிட்டுச் சாப்பிடலாம்' என்ற வாக்கியத்தை இயக்குநர் ஒருநாளில் ஒருமுறைக்கு மேல் சொல்லக் கூடாது. சொல்லாமலே இருப்பது இன்னும் நல்லது.

என்ன சமைப்பது என்பதில் ருசியைவிட வேலையின் இயல்பே முடிவு செய்ய வேண்டும். காலையில் நெய் மிதக்கும் பொங்கலும் வடையும் சாப்பிட்டவருக்கு 9 மணி வெயிலில் கண் சொக்கும்; ஃபோகஸ் பார்ப்பவர், அதாவது நடிகர் நகர நகர லென்ஸின் குவியத்தைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டியவர், அரைக் கண்ணோடு நின்றால் அந்தக் காலை முழுவதும் வீண். இட்லி, இடியாப்பம், கிச்சடி ஆகியவை இதனினும் பொருத்தமானவை. மதியத்துக்குச் சோறு, சாம்பார், ஒரு கூட்டு அல்லது பொரியல், மோர் என்பதே போதும்; முட்டை ஒன்று சேர்ந்தால் நிறைவு. பிரியாணியைக் கடைசி நாளுக்கு, அதுவும் முக்கியமான காட்சிகள் முடிந்த பிறகான நேரத்துக்கு வைத்துக்கொள்வது நடைமுறை அறிவு. 11 மணிக்கும் 4 மணிக்கும் தேநீரோடு சுண்டலோ, வேர்க்கடலையோ, வாழைப்பழமோ வந்தால் மாலை வேளையின் எரிச்சல்கள் பாதியாகக் குறையும். இரவுப் படப்பிடிப்பில் நள்ளிரவு தாண்டி ஒரு வேளை தேவைப்படும் என்பதைப் பல குழுக்கள் எண்ணிப் பார்ப்பதே இல்லை. 2 மணிக்கு ஆவி பறக்கும் ரவா உப்புமாவும் சுக்குக் காபியும் கொடுப்பது வேலைக்கு மட்டுமன்றி உயிருக்கும் பாதுகாப்பு. ஏனெனில் விடியலில் பேக்கப் ஆன பிறகு வெறும் வயிற்றோடு இருசக்கர வண்டியில் வீடு திரும்புபவர்கள் இந்தச் சம்பளமில்லாத நண்பர்கள்தாம்.

அளவு தெரியாமையே வீணுக்கும் பற்றாக்குறைக்கும் காரணம். நின்று உழைப்பவர்களுக்கு மதிய வேளையில் ஆளுக்கு 150 கிராம் அரிசி என்று கொண்டால், 15 பேருக்கு இரண்டேகால் கிலோ ஆகிறது. எதிர்பாராமல் வரும் ஓரிருவரையும் சேர்த்து இரண்டரை கிலோ வடித்தால் போதுமானது. சாம்பாருக்கு அரைக் கிலோ துவரம்பருப்பு, காய்கறி 2 கிலோ, மோருக்கும் தயிருக்குமாக 2 லிட்டர் தயிர், காலைக்கு ஆளுக்கு நான்கைந்தாக 70 இட்லி என்ற கணக்கு பெரும்பாலும் பிசகாது. தேநீர் ஒரு குவளை 100 மில்லி என்றால், மூன்று சுற்றுக்கு நாலரை லிட்டர்; அதற்கு 3 லிட்டர் பால். இந்தக் கணக்கை அச்சடித்துச் சமைப்பவர் கையில் கொடுப்பது, ஷாட் பட்டியலை ஒளிப்பதிவாளர் கையில் கொடுப்பதற்குச் சமமான வேலை. அதோடு இன்னொரு தாளும் வேண்டும்: யார் சைவம், யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்கு வேர்க்கடலை ஒவ்வாது, யார் சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறார், யார் நோன்பில் இருக்கிறார் என்பதை முதல் நாளைக்கு முன்பே கேட்டு எழுதிய தாள். முட்டைக் குழம்பில் போட்ட கரண்டியைச் சாம்பாரில் போடாதிருக்க இரண்டு கரண்டி வாங்குவது பெரிய செலவன்று. சைவம் உண்பவர் அன்று வெறும் ஊறுகாயோடு சாப்பிட நேர்வதுதான் பெரிய இழப்பு.

சமைத்த சோற்றை நீண்டநேரம் வைத்திருப்பதில் உள்ள ஆபத்து தனியாகச் சொல்லப்பட வேண்டியது. பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கக்கூடியவை. கொதிக்கும் நீரிலும் பிழைத்து, சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பெருகுகின்றன. அவற்றுள் ஒருவகை உண்டாக்கும் நஞ்சு, மீண்டும் சூடுபடுத்தினாலும் அழியாதது, வாந்தியை வரவழைப்பது. ஆகவே 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும், இல்லையேல் வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடிக்க வேண்டும் என்பதே பாதுகாப்பான வழி. காலை 5 மணிக்குக் கட்டிய தக்காளி சாதப் பொட்டலத்தை மே மாத வெயிலில் வேனுக்குள் வைத்திருந்து 3 மணிக்குப் பிரிப்பது, மறுநாள் படப்பிடிப்பையே மருத்துவமனைக்கு மாற்றும் செயல். நெடுந்தொலைவு கொண்டுசெல்ல வேண்டியிருந்தால் புளியோதரை ஏற்றது. புளியின் புளிப்பும், எண்ணெயும், காய்ச்சிய புளிக்காய்ச்சலின் குறைந்த ஈரமும் அதை மற்றக் கலந்த சாதங்களைவிட நெடுநேரம் கெடாமல் காக்கின்றன என்பது கோயில் மடைப்பள்ளிகளும் வழிப்பயணிகளும் நெடுங்காலமாக அறிந்த உண்மை. அதற்கும் எல்லை உண்டு. தேங்காய் சேர்ந்த எதுவும் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது.

தண்ணீரைச் சாப்பாட்டின் துணைப்பொருளாகக் கருதுவதும் பிழை. பி.எஸ். வினோத்ராஜ் இயக்கி 2021-இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்ற 'கூழாங்கல்' எடுக்கப்பட்ட மதுரை மாவட்டத்து வறண்ட நிலத்தைப் போன்ற இடங்களில், ஒருவருக்கு ஒருநாளைக்குக் குடிக்க மட்டும் 3 லிட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். 15 பேருக்கு 45 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் மூன்று. கை கழுவவும் பாத்திரம் கழுவவும் வேறு தண்ணீர். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்த உப்பு-சர்க்கரைக் கரைசல், மயங்கி உட்காருபவருக்கு உடனடி முதலுதவி. ஆனால் கேன்கள் நிறைந்திருந்தும் தாகத்தோடு நிற்கும் சிலர் ஒவ்வொரு படப்பிடிப்பிலும் இருப்பார்கள். கழிப்பறை இல்லாத லொக்கேஷனில் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். மாலையில் தலைவலியும், பிறகு சிறுநீர்த் தொற்றும் வருகின்றன. ஆகவே பக்கத்துத் தோட்ட வீட்டிலோ, பள்ளியிலோ, பெட்ரோல் பங்கிலோ கழிப்பறைக்கு ஏற்பாடு செய்வதும், அங்கே சென்று வர ஒரு வண்டியை ஒதுக்குவதும் தண்ணீர் ஏற்பாட்டின் முதல் பகுதி. இது முடியாத லொக்கேஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும் கைவிடப்பட வேண்டியதே.

பரிமாறும் நேரத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால் ஒரு குழுவின் குணம் தெளிவாகத் தெரியும். 'லஞ்ச் பிரேக்' என்ற குரல் கேட்டதும் நடிகர்களும் இயக்குநரும் நிழலில் விரித்த பாயை நோக்கி நடக்கிறார்கள். கேமராவைக் கழற்றிப் பெட்டியில் வைப்பவர், ஒயர்களைச் சுருட்டுபவர், மெமரி கார்டிலிருந்து காட்சிகளை மடிக்கணினிக்கு மாற்றுபவர் ஆகிய மூவரும் அங்கேயே நிற்கிறார்கள். அரைமணி நேரம் கழித்து அவர்கள் வந்து அமரும்போது, அண்டாவின் அடியில் ஒட்டிய சோறும், காய் எல்லாம் அள்ளப்பட்டுத் தெளிவாகிப்போன சாம்பாரும், மூடி திறந்து கிடந்த காலிப் பொரியல் பாத்திரமும் எஞ்சியிருக்கின்றன. அவர்கள் எதுவும் சொல்வதில்லை. தயிரை ஊற்றிப் பிசைந்து உண்டுவிட்டு எழுந்து போகிறார்கள், ஆனால் அடுத்த படத்துக்கு அழைப்பு வரும்போது அன்று வேறு வேலை இருப்பதாகச் சொல்கிறார்கள். இதைத் தவிர்க்கச் செலவே இல்லாத வழி ஒன்று உண்டு: முதல் கரண்டி விழுமுன், பின்னால் வருபவர்களின் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து மூடி வைப்பது. இயக்குநரும் தயாரிப்பாளரும் கடைசிப் பந்தியில் அமர்வது அதனினும் சிறந்தது. தலைமையில் இருப்பவர் கடைசியில் உண்ணும் இடத்தில் சாம்பார் ஒருபோதும் குறைவதில்லை. தட்டுகளுக்கு வாழையிலையோ பாக்குமட்டையோ பயன்படுத்துவதே முறை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது என்பதோடு, எறிந்துவிட்டு வந்த ஊருக்கு மறுபடி படப்பிடிப்புக்குப் போக முடியாது என்பதும் உண்மை.

இவ்வளவையும் சமைப்பவர் யார் என்ற கேள்வியைக் குறும்பட உலகம் நேராகக் கேட்டுக்கொள்வதில்லை. பெரும்பாலான குழுக்களில் இயக்குநரின் அம்மா அதிகாலை 3 மணிக்கு எழுந்து மாவு கரைத்து, இட்லி ஊற்றி, எவர்சில்வர் தூக்கில் சாம்பாரைக் கட்டி அனுப்புகிறார். படத்தின் முடிவில் 'நன்றி' பட்டியலில், தேநீர்க்கடைக்கும் தெருவாசிகளுக்கும் நடுவே, அவருடைய பெயர் ஓடி மறைகிறது. நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் தம் நண்பர்களோடு சுமார் நான்கு ஆண்டுகள் ஓய்வு நாள்களில் எடுத்த முதல் முழுநீளப் படமான 'பேட் டேஸ்ட்' (1987) படத்துக்கான வேற்றுக்கிரகவாசிகளின் முகமூடிகள் அவருடைய தாயின் சமையலறை அடுப்பில் சுட்டெடுக்கப்பட்டன. வீட்டின் அடுப்பு படத்தின் பட்டறையாக மாறுவது உலகெங்கும் உள்ள வழக்கம்தான். சமைப்பவரும் சம்பளமில்லாத யூனிட் உறுப்பினரே என்று ஏற்றுக்கொண்டால் மூன்று செயல்கள் தாமாகவே பின்தொடரும்: காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் முறைவைத்து ஆண்களும் பெண்களுமாக ஆள் அனுப்புவது, மூன்று நாள் தொடர்ந்து ஒருவரையே சமைக்கச் சொல்லாமல் ஒருநாளைக்கு அருகிலுள்ள மெஸ்ஸில் சொல்லிவிடுவது, படத்தின் டைட்டிலில் 'உணவு' என்று தனி அட்டை போட்டு அவர் பெயரை எழுதுவது. (சென்னையில் எடுப்பவர்களுக்கு 2013-இல் தொடங்கப்பட்ட அம்மா உணவகங்கள் ஒரு துணை, ஒரு ரூபாய் இட்லியும் ஐந்து ரூபாய்ச் சாம்பார் சாதமுமாகத் தொடங்கிய அந்தக் கடைகளில் பசியாறிய உதவி இயக்குநர்கள் பலர். எனினும் ஏழை எளியவர்களுக்காக நடத்தப்படும் இடத்தில் 15 பேருக்குப் பார்சல் கேட்டு நிற்பது முறையன்று.)

சாப்பாடு கதைக்குள்ளேயே வரும்போது கணக்கு வேறாகிறது. ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும் காட்சி திரையில் ஒரு நிமிடம் ஓடலாம். ஆனால் அகலக் காட்சி, ஒவ்வொருவருக்குமான நெருக்கக் காட்சி, தவறிய டேக்குகள் என்று அது பத்துப் பன்னிரண்டு முறை இலையை நிரப்பக் கேட்கும். ஒவ்வொரு முறையும் சோற்றின் குவியல் அதே உயரத்தில், அப்பளம் அதே பக்கம் உடைந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதே கன்டினியூட்டி, அதாவது துண்டு துண்டாக எடுக்கப்படும் காட்சிகள் ஒன்றோடொன்று பொருந்தும் தொடர்ச்சி. யூனிட்டுக்குச் சமைத்த அண்டாவிலிருந்தே இதற்கும் அள்ளினால் மதியம் சோறு பற்றாது. எனவே காட்சிக்கான உணவைத் தனிச் செலவாக எழுதி, உண்ணத்தக்க தரத்தில் தனியாகச் சமைக்க வேண்டும். தின்பண்டம் படைப்புக்கே உதவிய ஒரு நிகழ்வு இந்தியத் திரை வரலாற்றில் உண்டு. 1952 அக்டோபரில் தொடங்கி, பணமின்றிப் பலமுறை நின்று, 1955-இல் வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி'யில், மிட்டாய்க்காரரின் பின்னால் ஓடும் குழந்தைகளை ஒரு நாய் தொடர்ந்து செல்ல வேண்டியிருந்தது. பழக்கப்படாத அந்த நாயைத் தொடர வைத்தது, துர்காவாக நடித்த சிறுமி முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்திருந்த சந்தேஷ் என்னும் இனிப்பு. (ஒலியை அங்கேயே நேரடியாகப் பதிவு செய்யும் படங்களில் குக்கர் விசிலும், எவர்சில்வர் தட்டின் ஓசையும், சோற்றைக் கண்டு கூடும் காக்கைகளும் வசனத்தைக் கெடுக்கும் என்பதால், அடுப்பு மைக்குக்கு எட்டாத தொலைவில் இருக்க வேண்டும்.)

ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொள்வது செலவைக் குறைக்கும் வழியாகவும் உறவை வளர்க்கும் வழியாகவும் அமையலாம். 'அக்ரகாரத்தில் கழுதை' படத்தைத் தமிழில் எடுத்த ஜான் ஆபிரகாம், கேரளத்தில் ஒடேசா என்ற கூட்டமைப்பை நண்பர்களோடு உருவாக்கி, மக்களிடம் ஊர் ஊராகச் சென்று திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' (1986) படத்தை எடுத்தார். பொதுமக்களின் படம் என்பது அங்கே ஒரு கொள்கை. அந்தக் கொள்கையைச் சொல்லாமலேயே தமிழ்நாட்டுக் கிராமங்கள் இன்றும் பின்பற்றுகின்றன. மூன்றாம் நாள் காலையில் யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கம்பங்கூழும் மோர்மிளகாயும் வந்து சேரும். அதை ஏற்கும் குழு, திண்ணையில் உட்கார வைத்து நடிக்கச் சொன்ன முதியவருக்கு 12 மணிக்குச் சாப்பாடு போயிற்றா, கூட்டக் காட்சியில் நின்ற சிறுவர்களுக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும் கிடைத்தனவா என்று பார்க்கும் கடமையையும் சேர்த்தே ஏற்கிறது. இலையின் எண்ணிக்கையை யூனிட் பட்டியலைப் பார்த்து எண்ணாமல், அன்று கேமராவுக்கு முன்னும் பின்னும் நிற்பவர்களைப் பார்த்து எண்ண வேண்டும்.

பணம் போதவில்லை என்ற நிலை எப்போதும் வரும். அப்போது எதைக் குறைப்பது என்பதில்தான் இயக்குநரின் தேர்வு இருக்கிறது. கிறிஸ்டோபர் நோலனின் முதல் முழுநீளப் படமான 'ஃபாலோயிங்' (1998), வார நாள்களில் வேலைக்குச் சென்ற நண்பர்களைக் கொண்டு ஏறக்குறைய ஓராண்டு சனிக்கிழமைகளில் மட்டும் எடுக்கப்பட்டது. ஒத்திகையை முன்பே முடித்து, குறைந்த டேக்குகளில், ஒருநாளைக்குச் சிறு பகுதி மட்டும் எடுக்கும் அந்த முறை, ஃபிலிம் சுருளை மிச்சப்படுத்தியதோடு உழைப்பவர்களின் உடம்பையும் மிச்சப்படுத்தக்கூடியது. மூன்று நாள் இரவு பகலாக எடுப்பதைவிட ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பது, ஒரு வேளைச் சாப்பாட்டோடு ஒவ்வொரு நாளையும் முடிக்க உதவும். அதுவும் முடியாதபோது கதாபாத்திரங்களைக் குறைக்கலாம், லொக்கேஷனைக் குறைக்கலாம், ட்ரோன் ஷாட்டைக் கைவிடலாம். படத்தில் இல்லாத ட்ரோன் ஷாட்டைப் பார்வையாளர் எவரும் தேடுவதில்லை. ஆனால் பசியோடு நின்றவர் அவசரத்தில் பிடித்த மைக்கின் நிழல் சட்டகத்தில் விழுந்தால் அரங்கமே பார்க்கும். திரைக்கதையின் ஒவ்வொரு காட்சிக்கும் எதிரே, அதை எடுக்க எத்தனை பேர், எத்தனை வேளை என்று எழுதிப் பார்த்து, சாப்பாடு போட இயலாத காட்சியைத் திருத்தி எழுதவோ அடுத்த மாதத்துக்குத் தள்ளவோ வேண்டும். பிறருடைய இலவச உழைப்பைக் கேட்கும் உரிமை, அந்தத் தாளை முழுமையாக நிரப்பியவருக்கே உண்டு.